வீட்டு ஃபைபர் இணைப்பும் அப்பாவின் சிம் அட்டையும்: இருபத்திரண்டு மாத அனுபவம்

சென்னையின் தெற்கே சேலையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் நாங்கள் வசிக்கிறோம். 2024 பிப்ரவரியில் வீட்டுக்கு ஃபைபர் இணைய இணைப்பு வாங்கினோம். அந்த நிறுவனத்தின் சிம் அட்டையை என் தந்தை அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பயன்படுத்தி வந்ததால், வேறு நிறுவனங்களை விசாரிக்காமல் அதையே தேர்ந்தெடுத்தோம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பலவற்றை, வேறு நிறுவனங்களின் இணைப்பை வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெயரைச் சொன்னால், மற்ற நிறுவனத்துக்கு மாறிவிட்டால் போதும் என்று படிப்பவர் நினைத்துவிடக் கூடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இணைப்பின் தரத்தில் எனக்குக் குறையில்லை. மாதம் 799 ரூபாய்த் திட்டம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 942 ரூபாய் 82 காசு ஆகிறது. வேகம் 100 எம்பிபிஎஸ் என்றார்கள். மடிக்கணினியைக் கேபிள் வழியாக ரவுட்டரில் இணைத்து அளந்தால் 90-க்குக் குறையாமல் வருகிறது. விளம்பரத்தில் 'அன்லிமிடெட்' என்று இருந்தாலும், மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பு நிபந்தனைகளில் சிறிய எழுத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் நான்கு பேரும் சேர்ந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டியதில்லை. இணைப்பு கொடுக்க வந்த டெக்னீஷியன் கம்பத்திலிருந்து ஃபைபரை இழுத்து, ஸ்பிளைசிங் இயந்திரத்தில் பொறுமையாக ஒட்டி, பவர் மீட்டரில் ஒளியின் வலிமை மைனஸ் 19 டிபிஎம் வந்திருப்பதை என்னிடம் காட்டினார். மைனஸ் 27-க்குக் கீழே போனால்தான் தொல்லை என்று விளக்கவும் செய்தார். தொழிலை மதித்துச் செய்கிற மனிதர். கீழே நான் எழுதுவது எதுவும் அவரைப் போன்றவர்களைப் பற்றியதன்று.

குறை 2024 நவம்பர் இறுதியில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது தொடங்கியது. ரவுட்டரில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். புயல் நேரத்தில் அறுவது இயற்கை, அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புகார் பதிவு செய்த மறுநாள் காலையில், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. விளக்கு அப்போதும் சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது. யாரும் வரவில்லை, யாரும் அழைக்கவுமில்லை. மீண்டும் புகார் கொடுத்தேன், புதிய டாக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) வந்தது, மாலையில் அதையும் மூடிவிட்டார்கள். இப்படி மூன்று முறை நடந்தது. ஆறாம் நாள் அந்தப் பழைய டெக்னீஷியனே வந்து, தெருமுனையில் மரக்கிளை விழுந்து அறுந்த இடத்தை அரை மணி நேரத்தில் ஒட்டிக் கொடுத்தார். ஆறு நாள் தாமதத்தைவிட, தீராத புகாரைத் தீர்ந்ததாக எழுதிய அந்த மூன்று குறுஞ்செய்திகள்தான் என்னை வருத்தின. புதிய எண் கொடுக்கும்போதெல்லாம் கடிகாரம் மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. பதிவேட்டில் பார்ப்பவருக்கு, மூன்று புகார்கள் ஒவ்வொன்றும் ஒரே நாளில் தீர்ந்ததாகத் தெரியும்.

அப்போதுதான் மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனி வாடிக்கையாளரின் புகாரை நேரடியாக விசாரித்துத் தீர்ப்பதில்லை. அந்த அதிகாரம் அதற்குச் சட்டத்தில் தரப்படவில்லை. ஆனால் அது 2012-இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் புகார் மையத்துக்கு மேலே ஒரு மேல்முறையீட்டு அமைப்பை வைத்திருக்க வேண்டும். அந்த அமைப்பு 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மூன்று டாக்கெட் எண்களையும், சிவப்பு விளக்கைத் தேதியுடன் எடுத்த படங்களையும் இணைத்து அனுப்பினேன். நான்காவது வாரத்தில், ஆறு நாட்களை என் திட்டத்தில் நீட்டித்துத் தருவதாகப் பதில் வந்தது, நீட்டித்தும் தந்தார்கள். சேவை மைய எண்ணை அழைத்தபோது நான்கு அடுக்கு ஒலிப்பதிவைக் கேட்டு, ஒன்றை அழுத்தி, ஒன்பதை அழுத்தி, வாட்ஸ்அப்பில் இயந்திரத்துடன் மன்றாடியும் கிடைக்காதது இந்த ஒரு கடிதத்தில் கிடைத்தது. டாக்கெட் எண்ணை மட்டும் எப்போதும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் மேல்முறையீட்டை ஏற்க மாட்டார்கள்.

இதோடு போயிருந்தால் இந்த மதிப்புரையை நான் எழுதியிருக்க மாட்டேன். இணைப்பு அறுந்தால் ஒட்டிவிடலாம். எங்கள் வீட்டைப் பற்றிய விவரங்கள் எங்களைக் கேட்காமல் வெளியே போவதை எப்படி ஒட்டுவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

விண்ணப்பம் வாங்க வந்த முகவர் என் ஆதார் அட்டையை மேசைமேல் வைத்துத் தன் சொந்த அலைபேசியில் படம் எடுத்தார். நிறுவனத்தின் செயலியில் நேரடியாக எடுக்கக் கூடாதா என்று கேட்டேன். "அது ரொம்ப நேரம் சுத்தும் சார், நாங்க எல்லாரும் குரூப்ல அனுப்பிடுவோம், ஆபீஸ்ல ஏத்திக்குவாங்க" என்றார். குரூப் என்றால் வாட்ஸ்அப் குழு. அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அவருக்கே சரியாகத் தெரியவில்லை. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' என்ற படிவத்தை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ள முடியும் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் அதைத்தான் கொடுத்திருப்பேன். மூன்றாம் நாள் முதல் அழைப்புகள் தொடங்கின. வேறொரு நிறுவனத்தின் இணைப்பை விற்பவர், என் பெயரையும் ஃபிளாட் எண்ணையும் சொல்லி, "ஏற்கெனவே கேட்ட கம்பெனியில கனெக்‌ஷன் ஆயிடுச்சா சார், இல்லைன்னா நாங்க இன்னைக்கே போட்டுத் தர்றோம்" என்று கேட்டார். நான் விண்ணப்பித்த செய்தி, விண்ணப்பம் வாங்கியவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று நான் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்ட மடலுக்கு, "உங்கள் தகவல்களின் பாதுகாப்பே எங்கள் முன்னுரிமை" என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. கேள்விக்கு அதில் விடையில்லை.

அடுத்தது ரவுட்டர். சென்ற ஆண்டு ஒரு மாலையில் வேகம் குறைந்ததால் சேவை மையத்தை அழைத்தேன். எதிர்முனையில் இருந்த இளைஞர் மிகவும் பணிவாகப் பேசினார். "சார், உங்க லைன்ல இப்போ பதினொரு டிவைஸ் இருக்கு. 'பாப்பா டேப்'னு ஒண்ணு நிறைய எடுக்குது. அதை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க" என்றார். உதவி செய்யும் எண்ணத்தில்தான் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை, சொன்ன வழியும் பலித்தது. ஆனால் என் மகளின் கையில் இருக்கும் கருவிக்கு நாங்கள் வைத்த பெயரை, முகம் தெரியாத ஒருவர் தன் திரையில் பார்த்துப் படித்ததைக் கேட்டபோது, வீட்டுக் கதவு பூட்டப்படாமலே இருந்திருக்கிறது என்று தோன்றியது. அன்றிரவு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நிறுவனம் தரும் ரவுட்டர்களைத் தொலைவிலிருந்தே நிர்வகிக்க டிஆர்-069 என்னும் நெறிமுறை 2004 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மென்பொருளைப் புதுப்பிக்கவும், பழுதை அறியவும், கடவுச்சொல்லை மாற்றித் தரவும் அது உதவுகிறது. வீட்டில் எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்ற பட்டியலையும் அதன் வழியாகப் பார்க்க முடியும். தொழில்நுட்பத்தில் தவறில்லை. ஒரு பெட்டியை என் வீட்டுச் சுவரில் மாட்டும்போது, அதன் வழியே என்னென்ன பார்க்க முடியும், யார் பார்க்கலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் குறை. போதாததற்கு, வைஃபை கடவுச்சொல்லாக என் அலைபேசி எண்ணையே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் மாடியில் விசாரித்தபோது மூன்று வீடுகளில் அதே வழக்கம். பக்கத்து வீட்டாரின் எண் யாரிடம்தான் இல்லை?

முகவரியில் எழுத்துப் பிழையோடு ஓர் இணையதளத்தைத் தேடினால், 'அப்படி ஒரு தளம் இல்லை' என்ற செய்திக்குப் பதிலாக நிறுவனத்தின் விளம்பரப் பக்கம் வருவதையும் கவனித்தேன். இதன் காரணம் எளியது. நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டும்போது, அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ் என்னும் சேவை. நாமாக மாற்றாத வரை அந்தச் சேவையை இணைய நிறுவனமே நடத்துகிறது. ஆகவே வீட்டிலிருந்து எந்தத் தளத்தை எப்போது தேடுகிறோம் என்ற பட்டியல் அவர்கள் கை வழியாகவே போகிறது. வங்கித் தளமானாலும் மின்னஞ்சலானாலும் உள்ளே நாம் எழுதுவது மறையாக்கத்தில் (என்கிரிப்ஷன்) இருப்பதால் அதை அவர்கள் படிக்க முடியாது. ஆனால் பெயர் தெரியும். ஒரு வீட்டிலிருந்து நள்ளிரவு இரண்டு மணிக்குப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் தளத்தைத் தொடர்ந்து நான்கு நாட்கள் திறக்கிறார்கள் என்றால், அந்த வீட்டின் கவலையை அறிய உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டியதே இல்லை.

ரவுட்டரின் அமைப்புகளுக்குள் சென்று டிஎன்எஸ்ஸை மாற்றலாம் என்று பார்த்தால், அந்தப் பகுதியை நிறுவனம் பூட்டி வைத்திருந்தது. ஆண்ட்ராய்டு 9 முதல் அலைபேசியிலேயே 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. நாம் நம்பும் ஒரு சேவையின் பெயரை அதில் எழுதினால், தேடும் பெயர்கள் மறையாக்கத்தோடு நேராக அந்தச் சேவைக்குப் போகும். வீட்டில் எல்லாருடைய அலைபேசியிலும் அப்படி மாற்றினேன். பிழையான முகவரிக்கு விளம்பரம் வருவது அன்றோடு நின்றது. இதனால் முழு மறைவு கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தளத்தோடு இணைப்பு தொடங்கும் கணத்தில் அதன் பெயர் பல வேளைகளில் இன்னும் வெளியே தெரியத்தான் செய்கிறது. போதாக்குறைக்கு, நம்பிக்கையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் வைக்கிறோம். நம் இணையப் போக்குவரத்தை மறையாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் சேவையை வாங்கினாலும் இதே கதைதான். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களையே எடுத்துவிட்டன.

இனி அப்பாவின் சிம். அவருக்கு வயது 76. அவர் அலைபேசியில் பேசுவார், வேறொன்றும் செய்ய மாட்டார். ஆனால் எட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு 28 நாளுக்கும், அவர் தொட்டே பார்க்காத டேட்டாவுக்கும் சேர்த்து ரீசார்ஜ் செய்துவந்தோம். 28 நாள் கணக்கில் ஆண்டுக்குப் பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று முறை பணம் கட்ட வேண்டியிருக்கிறது. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் வேண்டுவோருக்குத் தனித் திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் ஆணையிட்டது. அந்தத் திட்டம் இந்த நிறுவனத்தின் செயலியில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. முகப்பில் இல்லை, 'பரிந்துரை'யில் இல்லை, எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. அப்பாவால் அதை ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒருமுறை அவர் கேட்காமலே காலர் ட்யூன் சேர்க்கப்பட்டுப் பணமும் பிடிக்கப்பட்டது. 155223 என்ற எண்ணுக்கு அழைத்து அதை நீக்கினேன். இந்த எண்ணைப் பெரியவர்கள் உள்ள வீடுகளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு. கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று அழைப்பவர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினார்கள். அப்பா அவர்களிடம் பத்து நிமிடம் நலம் விசாரித்துப் பேசுவார். பிறகு என்னிடம், "யாருப்பா இவங்க, பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்களே, நம்ம ஊர்க்காரங்களா?" என்று கேட்பார். தன்னைப் பெயர் சொல்லி அழைப்பவர் தனக்குத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வாழ்ந்த உலகத்தின் வழக்கம். அந்த நம்பிக்கையை யாரோ விலைக்கு விற்றிருக்கிறார்கள். விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று 1909 என்ற சேவை எண்ணில் அவருடைய எண்ணைப் பதிவு செய்தேன். 140 என்று தொடங்கும் விளம்பர அழைப்புகள் குறைந்தன. சாதாரணப் பத்து இலக்க எண்களிலிருந்து வருபவை குறையவில்லை. 2025 பிப்ரவரியில் டிராய் ஆணையத்தார் விதிகளைத் திருத்தி, அழைப்பு வந்த ஏழு நாட்களுக்குள் புகார் கொடுக்கலாம் என்றும், பதிவு செய்யாமல் விளம்பர அழைப்பு விடுவோர்மீது நிறுவனம் ஐந்து நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் ஆக்கியிருக்கிறார்கள். முன்பு இவை மூன்று நாளும் முப்பது நாளுமாக இருந்தன. நான் கொடுத்த ஏழு புகார்களில் இரண்டு எண்கள் துண்டிக்கப்பட்டதாகப் பதில் வந்தது. மற்ற எண்களின் அழைப்புகள் தொடர்ந்தன.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24-இல். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர மேலும் பதினெட்டு மாதங்கள் தரப்பட்டுள்ளன. அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நம் ஒப்புதலைக் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பை நமக்குத் தர வேண்டும் என்பது. அந்த 22-இல் தமிழும் ஒன்று. ஒப்புதல் நாமே தெளிவாகச் செய்யும் செயலாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. இந்த நிறுவனத்தின் செயலியிலோ, 'பங்குதாரர்களுடன் தகவலைப் பகிரச் சம்மதிக்கிறேன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் பக்கத்தில் ஏற்கெனவே டிக் செய்யப்பட்ட ஒரு கட்டம். தொடர்புப் பட்டியல், இருப்பிடம் இரண்டையும் பார்க்க அனுமதி கேட்கிறது, இரண்டையும் மறுத்துவிட்டேன். பணம் கட்டவும் புகார் கொடுக்கவும் செயலி எந்தத் தடையுமின்றி வேலை செய்கிறது. அப்படியானால் எதற்காகக் கேட்டார்கள்?

யாரை எப்போது அழைத்தோம் என்ற விவரங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பர் முதல் தொலைத்தொடர்பு உரிமத்தின் நிபந்தனை. ஆகவே, அவர்கள் வேண்டாம் என்று நினைத்தாலும் நம் விவரங்கள் அவர்களிடம் இருக்கத்தான் போகின்றன. அதனால்தான் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஆதாரை அனுப்பும் பழக்கத்தை நான் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள மறுக்கிறேன்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். போகலாம். தொலைபேசிப் பூசல்களைத் தந்திச் சட்டத்தின் கீழ் நடுவரிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்று நிறுவனங்கள் பல காலம் வாதாடி வந்தன. மாதம் 249 ரூபாய்த் திட்டத்தில் இருந்த ஒருவருக்கு 24,609 ரூபாய்க்குப் பில் வந்த வழக்கில், நுகர்வோர் மன்றத்துக்கு இதை விசாரிக்க அதிகாரம் உண்டு என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாம் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை முயன்று பார்ப்பது எளிது.

என் மதிப்பீட்டைக் கேட்டால், இணைப்பின் தரத்துக்கு ஐந்தில் நான்கு, புகார் தீர்க்கும் முறைக்கு இரண்டு, விவரங்களைக் காப்பதற்கு ஒன்றுகூடத் தர மனம் வரவில்லை. இருந்தும் ஃபைபர் இணைப்பை நான் நீக்கவில்லை. அலைபேசி எண்ணை 2011 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடிகிறது. வீட்டு இணைப்புக்கு அந்த வசதி இல்லை. புதிதாக ஒரு கம்பி, ஒரு பெட்டி, ஒரு விண்ணப்பம், மறுபடியும் ஓர் ஆதார். அதற்குப் பதிலாக, நிறுவனத்தின் ரவுட்டரில் வைஃபையை அணைத்துவிட்டு, சொந்தமாக ஒரு ரவுட்டரை வாங்கி அதன் பின்னால் இணைத்தேன். இப்போது அவர்கள் திரையில் ஒரே ஒரு கருவிதான் தெரியும். புதிதாக இணைப்பு வாங்குபவர்களும் அந்தச் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அப்பாவின் எண்ணை மட்டும் சென்ற மாதம் மாற்றிவிட்டேன். 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, நிறுவனம் மாறுவதற்கான எட்டு எழுத்துக் குறியீட்டை வாங்கி, அருகிலுள்ள வேறொரு நிறுவனத்தின் கடைக்கு அவரையே அழைத்துப்போனேன். விண்ணப்பத்தை அங்கிருந்த பெண், நிறுவனத்தின் கருவியிலேயே, எங்கள் கண் முன்னால் நிரப்பினார். விளம்பரச் செய்திகளுக்குச் சம்மதமா என்ற இடம் வந்ததும் அவர் விரல் தானாக அதன்மேல் போனது. "அது வேண்டாம்மா" என்று அப்பா சொன்னார். அந்தப் பெண் விரலை எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் புதிய சிம் வேலை செய்யத் தொடங்கியது.